டெக்சாஸ் காலின் கவுண்டி: ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

#1 | புங்கமரம்

வணக்கம். வேலை பிளேனோவில். ஆகஸ்டுக்குள் காலின் கவுண்டியில் குடியேற வேண்டும். மூத்தவள் சென்னையில் சி.பி.எஸ்.இ. எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். இளையவனுக்கு செப்டம்பர் 20-ல் 5 வயது நிறைகிறது. பிளேனோ, ஃப்ரிஸ்கோவில் பழைய வீடு வாங்கும் விலைக்கு பிரின்ஸ்டன், அன்னா பக்கம் புது வீடே கிடைக்கிறது. ரேட்டிங் தளங்கள் போடும் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்? கிராமப்புறம் போனால் பிள்ளைகளுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | நிலஅளவை

முதலில் ஊர்ப் பெயரை ஒதுக்கி வையுங்கள். டெக்சாஸில் ஐ.எஸ்.டி. (இண்டிபெண்டென்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) என்பது தனி அரசு அமைப்பு. அதற்கென்று தனி எல்லை, தனி வரி, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போர்டு எல்லாம் உண்டு. நகரசபை சொல்வதை அது கேட்க வேண்டியதில்லை, கவுண்டி சொல்வதையும் கேட்க வேண்டியதில்லை. காலின் கவுண்டிக்குள் தலைமையகம் வைத்திருக்கும் டிஸ்ட்ரிக்ட்கள் 14: பிளேனோ, ஃப்ரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி, வைலி, பிராஸ்பர், லவ்ஜாய், மெலிஸ்ஸா, அன்னா, செலினா, பிரின்ஸ்டன், ஃபார்மர்ஸ்வில், கம்யூனிட்டி, ப்ளூ ரிட்ஜ். பக்கத்து கவுண்டி டிஸ்ட்ரிக்ட்கள் சிலவும் எல்லையோரமாக உள்ளே நீண்டிருக்கின்றன.

ஊர் எல்லையும் இவற்றின் எல்லையும் எங்கேயும் ஒத்துப்போகாது. மெக்கின்னி முகவரி வைத்திருக்கும் வீடு ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி.யில் இருக்கலாம், ஆலனில் இருக்கலாம், பிராஸ்பரில் இருக்கலாம். ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே பிராஸ்பர், லிட்டில் எல்ம், லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்கள் வருகின்றன. ரிச்சர்ட்சன் நகரத்தின் வடபகுதி பிளேனோ ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தது. விளம்பரத்தில் "மெக்கின்னி" என்று போட்டிருந்தால் அது தபால் முகவரி என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும் வழி: சொத்து மதிப்பை நிர்ணயிக்கும் காலின் சென்ட்ரல் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் வீட்டு முகவரியைத் தேடுங்கள். அந்தச் சொத்துக்கு வரி போடும் அமைப்புகளின் பட்டியல் வரும். அதில் இருக்கும் ஐ.எஸ்.டி.தான் உங்கள் டிஸ்ட்ரிக்ட். அதன் பிறகு அந்த ஐ.எஸ்.டி.யின் சொந்தத் தளத்தில் 'என் பள்ளி எது' என்ற தேடலில் அதே முகவரியைப் போட்டு, எலிமென்டரி, மிடில், ஹை என மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வீடு விற்கும் தளங்கள் காட்டும் பள்ளிப் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லை மாற்றி வரைந்த பிறகும் பழைய தகவல் அங்கே பல மாதம் அப்படியே கிடக்கும்.

#3 | வரவுசெலவு

நிலஅளவை சொன்ன அதே பட்டியலில் வரி விகிதமும் இருக்கும். அதையும் படிங்க, ஏன்னா "விலை குறைவு" கணக்கு அங்கதான் உடையும்.

ஸ்கூல் வரியில ரெண்டு பகுதி. எம் அண்ட் ஓ: சம்பளம், மின்சாரம், பஸ் மாதிரி அன்றாடச் செலவு. ஐ அண்ட் எஸ்: கட்டடத்துக்கு வாங்கின பாண்டு கடனை அடைக்கிற பணம். இந்த ரெண்டாவது பகுதியை எடுத்து சம்பளம் கொடுக்க முடியாது, சட்டம் விடாது. வேகமா வளர்ற டிஸ்ட்ரிக்ட்டுக்குப் புதுப் பள்ளி கட்டிக்கிட்டே இருக்கணும், அதனால ஐ அண்ட் எஸ் மேல ஏறி நிக்கும். புதுக் கடனுக்கு 100 டாலர் மதிப்புக்கு 50 சென்ட்டுங்கிற வரம்பு இருக்கு. பிராஸ்பர், பிரின்ஸ்டன் எல்லாம் அந்த வரம்பைத் தொட்டு நிக்கிற டிஸ்ட்ரிக்ட்கள்.

உதாரணக் கணக்கு. 4,50,000 டாலர் வீடு. நீங்களே குடியிருந்தா ஹோம்ஸ்டெட் விலக்கு ஸ்கூல் வரிக்கு 1,40,000 டாலர் (2023-ல 1 லட்சமாச்சு, 2025 நவம்பர் வாக்கெடுப்புல இந்த அளவு வந்தது). மிச்சம் 3,10,000. விகிதம் 1.00 டாலர்னா 3,100. 1.25 டாலர்னா 3,875. வித்தியாசம் 775 டாலர்தான், தாங்கலாம்.

தாங்காதது மட் (முனிசிபல் யுடிலிட்டி டிஸ்ட்ரிக்ட்) வரி. ஊர் எல்லைக்கு வெளியே வயல்ல போடற புது லேஅவுட்டுக்குத் தண்ணி, சாக்கடை, ரோடு போட்ட கடனை அந்த லேஅவுட்காரங்களே கட்டற வரி அது. விகிதம் 80 சென்ட்னு வச்சுக்கோங்க. ஸ்கூல் வரியில கிடைக்கிற 1,40,000 விலக்கு இதுக்குக் கிடையாது, அதனால முழு 4,50,000-க்கும் 3,600 டாலர். ஸ்கூல் வரி அளவுக்கு இன்னொரு வரி! மட், பிட் (பப்ளிக் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்ட்ரிக்ட், இதுவும் அந்த லேஅவுட்காரங்க கட்டற தனிக் கட்டணம்) ரெண்டும் அந்த இடத்துக்கு உண்டான்னு பில்டர்கிட்ட எழுத்துல கேளுங்க.

இன்னொண்ணு, புது வீட்டுக்காரங்க எல்லாரும் மாட்டற இடம்: ஜனவரி 1 அன்னைக்கு இருந்த மதிப்புக்குத்தான் அந்த வருஷ வரி. அன்னைக்கு வெறும் மனைன்னா முதல் வருஷ பில் ரொம்பக் குறைவா வரும், பேங்க்கும் அதை வச்சுத்தான் மாசத் தவணை போடும். அடுத்த வருஷம் வீட்டோட மதிப்பு சேர்ந்ததும் தவணை ஒரேயடியா ஏறி, பழைய பற்றாக்குறையும் அதுல சேரும். முழு மதிப்புக்கு முதல் நாள்லயே நீங்களே கணக்குப் போட்டு, வித்தியாசத்தைத் தனியா எடுத்து வையுங்க.

#4 | கிழக்குக்கரை

பிரின்ஸ்டன் பற்றி. 2023 ஜூலை முதல் 2024 ஜூலை வரையிலான சென்சஸ் மதிப்பீட்டில் அமெரிக்காவிலேயே வேகமாக வளர்ந்த நகரம் அதுதான், ஓராண்டில் 30 சதவீதத்துக்கும் மேல். 2024 செப்டம்பரில் நகரசபை புதுக் குடியிருப்புத் திட்டங்களுக்கே தற்காலிகத் தடை போட்டது. தண்ணீர், சாலை, போலீஸ் எதுவும் ஈடுகொடுக்கவில்லை என்பதே காரணம். ஏற்கெனவே அனுமதி வாங்கிய மனைகளில் கட்டுமானம் நிற்கவில்லை. ஆகவே பள்ளிக்குள் வரும் பிள்ளைகளும் குறையவில்லை.

இதைப் பிள்ளையின் பார்வையில் பாருங்கள். பாண்டு வாக்கெடுப்பு மே மாதமோ நவம்பரிலோ வரும். ஜெயித்தாலும் எலிமென்டரி கட்டடம் எழும்ப இரண்டு வருடம் பிடிக்கும், ஹை ஸ்கூல் என்றால் அதற்கும் மேலே. அதுவரை போர்ட்டபிள் அறைகள்தான். கட்டடம் திறந்ததும் எல்லையை மாற்றி வரைவார்கள். கே.ஜி.யில் சேரும் பிள்ளை வீடு மாறாமலே ஐந்தாம் வகுப்புக்குள் இரண்டு, மூன்று பள்ளிகளைப் பார்த்துவிடும் சாத்தியம் இருக்கிறது. அன்னா, செலினா, மெலிஸ்ஸா, கம்யூனிட்டி எல்லாவற்றுக்கும் இதே கதை, வேகம் மட்டும் வேறு.

கே.ஜி. முதல் நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பில் 22 பேர் என்பது மாநில வரம்பு. ஆனால் டி.இ.ஏ.விடம் (மாநிலக் கல்வித் துறை) விலக்கு கேட்கலாம். 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் இன்னொவேஷன்' திட்டத்தில் (2015 சட்டம்) அந்த வரம்பிலிருந்தே விலகிக்கொள்ளவும் முடியும். அந்தத் திட்ட ஆவணம் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட் தளத்திலும் இருக்கிறது. வகுப்பு அளவு, சான்றிதழ் இல்லாத ஆசிரியரை நியமிப்பது, இந்த இரண்டில் எதிலிருந்து விலகியிருக்கிறார்கள் என்று தேடிப் படியுங்கள். எந்த ரேட்டிங் தளமும் இதைச் சொல்லாது. அரை மணி நேர வேலைதான்.

#5 | சுண்ணாம்புக்கல்

நகரப் பக்கம் மட்டும் நிலையாக இருக்கிறதா என்ன? பிளேனோ ஐ.எஸ்.டி. ஒரு காலத்தில் 55,000 மாணவர்களைத் தொட்டது, இப்போது 50,000-க்குக் கீழே. 2024-ல் இரண்டு எலிமென்டரி, இரண்டு மிடில் பள்ளிகளை மூடப் போர்டு முடிவெடுத்தது. மெக்கின்னி மூன்று எலிமென்டரிகளை மூடுவதென்று 2025 தொடக்கத்தில் தீர்மானித்தது. ஃப்ரிஸ்கோவிலும் எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. வீட்டு விலை ஏறினால் சின்னப் பிள்ளைகள் உள்ள இளம் குடும்பம் அங்கே வாங்க முடியாது. வாங்கியவர்களின் பிள்ளைகள் வளர்ந்து போனாலும் பெற்றோர் வீட்டை விடுவதில்லை. பள்ளி காலியாவது இப்படித்தான்.

பணம் எப்படிக் குறைகிறது என்று சொல்கிறேன். டெக்சாஸ் பணம் கொடுப்பது சேர்ந்த தலைக்கு அல்ல, தினமும் வந்திருக்கும் சராசரித் தலைக்கு. ஒரு தலைக்கான அடிப்படைத் தொகை 2019-ல் 6,160 டாலர். விலைவாசி ஏறிய அத்தனை ஆண்டும் அதே 6,160. 2025-ல் எச்.பி. 2 சட்டம் அதில் கூட்டியது 55 டாலர்! மற்ற பணம் சம்பளம், சிறப்புக் கல்வி என்று குறித்த தலைப்புகளில் வந்தது. அதன் மேல் 1993 முதல் இருக்கும் 'ராபின் ஹுட்' முறை: சொத்து மதிப்பு அதிகமுள்ள டிஸ்ட்ரிக்ட் வசூலிக்கும் எம் அண்ட் ஓ வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்ளும். மாநிலத்திலேயே அதிகம் கொடுத்த டிஸ்ட்ரிக்ட்களின் வரிசையில் பிளேனோ பல ஆண்டு இருந்திருக்கிறது.

எம் அண்ட் ஓ விகிதத்தைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்ற மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். ஃப்ரிஸ்கோ 2024 நவம்பரில் கேட்டது, தோற்றது. அப்படித் தோற்றால் முதலில் குறைவது துணைப் பணியாளர்கள், விருப்பப் பாடங்கள், பஸ் தடங்கள். எனவே நகர டிஸ்ட்ரிக்ட்டில் வீடு பார்க்கிறவர், 'இந்த எலிமென்டரியில் எத்தனை இருக்கை, எத்தனை பேர் படிக்கிறார்கள்' என்று பாருங்கள். பாதிக்குப் பாதி காலியாக இருக்கும் பழைய கட்டடம் என்றால் அதன் பெயர் அடுத்த மூடல் பட்டியலில் வர வாய்ப்பு அதிகம். மக்கள்தொகை ஆய்வறிக்கை போர்டுக் கூட்ட ஆவணங்களில் இணைத்திருப்பார்கள்.

#6 | செம்பருத்தி

கிழக்குப் பக்கத்தை எல்லோரும் ஆபத்தாகவே சொல்கிறீர்கள், அது நியாயமில்லை. வளரும் விளிம்பு வேறு, உண்மையான கிராமப்புறம் வேறு. ஃபார்மர்ஸ்வில், ப்ளூ ரிட்ஜ் இன்னும் சின்ன டிஸ்ட்ரிக்ட்கள். சின்னதாக இருப்பதற்கென்றே மாநிலம் கூடுதல் பணம் தருகிறது: சராசரி வருகை 5,000-க்குக் கீழே இருந்தால் ஒரு படி, 1,600-க்குக் கீழே இன்னொரு படி. எச்.பி. 2-வில் ஆசிரியர் சம்பள உயர்வைப் பாருங்கள். 5,000 மாணவர் வரை உள்ள டிஸ்ட்ரிக்ட்டில் 3–4 ஆண்டு அனுபவத்துக்கு 4,000 டாலர், 5 ஆண்டுக்கு மேல் 8,000. பெரிய டிஸ்ட்ரிக்ட்டில் அதே ஆசிரியருக்கு 2,500, 5,000. நகரத்துக்கு ஓடிப்போகும் ஆசிரியரைப் பிடித்து வைக்கச் செய்த ஏற்பாடு இது. போதாது என்பது என் கருத்து, ஆனாலும் நல்ல ஏற்பாடு.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஏ.பி. பாடங்கள் (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) சில மட்டுமே நடக்கும். ஏ.பி. ஃபிசிக்ஸ் சி கேட்கிற பிள்ளை பள்ளிக்கே ஒன்றிரண்டு பேர் என்றால் அதற்கு ஆசிரியர் போட மாட்டார்கள். அதை ஈடுகட்டுவது காலின் காலேஜ் இரட்டை வரவுப் பாடங்கள் (டூயல் கிரெடிட்: பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்தே கணக்காகும்). அந்தக் கல்லூரிக்கு ஃபார்மர்ஸ்வில்லிலும் செலினாவிலும் வளாகம் உண்டு. அங்கே படித்த வரவை டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுப் பாடங்களுக்கு ஏற்றுக்கொள்ளும். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஏற்குமா என்பதை அங்கங்கே கேட்க வேண்டும்.

பஸ்: பள்ளியிலிருந்து 2 மைலுக்கு அப்பால் இருக்கும் பிள்ளைக்குத்தான் மாநிலப் பணம். அதற்குள் இருந்தால், ஆபத்தான சாலை என்று போர்டு அறிவித்திருந்தால் ஒழிய, கிடையாது. கிராமப் பக்கம் பஸ் கட்டாயம் தேவைப்படும், தடமும் நீளம். கேட்க வேண்டியது தூரத்தை இல்லை. 'காலையில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும்' என்று டிஸ்ட்ரிக்ட் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். மாலைப் பயிற்சிக்குத் தங்கினால் திரும்பிவர பஸ் உண்டா என்பது அடுத்த கேள்வி.

#7 | கிழக்குக்கரை

செம்பருத்தி அக்கா சொன்ன பிரிவு சரி, ஏற்கிறேன். ஆனால் 5,000-ஐ நெருங்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அந்தச் சின்ன டிஸ்ட்ரிக்ட் பணம் படிப்படியாகக் கரைந்துவிடும். கட்டடச் செலவு ஏறும் அதே சமயத்தில் இது நடக்கும். இன்று சின்னதாக இருக்கிறது என்று பார்த்து வாங்கினால், பிள்ளை மிடில் ஸ்கூல் போகும்போது அது அடுத்த பிரின்ஸ்டனாக இருக்கக்கூடும். சுற்றியுள்ள வயல்களில் எத்தனை மனைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பது நகரத் திட்ட ஆணையத்தின் கூட்டக் குறிப்புகளில் கிடைக்கும்.

#8 | புங்கமரம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிராந்தியம் புரிந்தது. ரேட்டிங் பற்றியும், மகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்வது பற்றியும் யாராவது சொல்ல முடியுமா?

#9 | நேர்கோடு

ரேட்டிங்: டி.இ.ஏ. கொடுக்கும் ஏ முதல் எஃப் வரையிலான தரம் ஸ்டார் என்ற மாநிலத் தேர்வின் மேல் நிற்கிறது. மாணவர் அடைவு, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீதம், பல்வேறு பிரிவினரின் இடைவெளியைக் குறைத்ததற்கு 30 சதவீதம். வழக்குகளால் 2023, 2024 தரங்கள் தாமதமாகி 2025-ல்தான் வெளிவந்தன. மொத்த எழுத்தைப் பார்க்காமல் முன்னேற்றப் பகுதியைத் தனியே பாருங்கள். அடைவு மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோர் வருமானத்தோடு நகரும். பள்ளி என்ன சொல்லிக்கொடுக்கிறது என்பது முன்னேற்றத்தில்தான் தெரியும்.

ஒன்பதாம் வகுப்பு என்பது இங்கே ஹை ஸ்கூலின் முதல் ஆண்டு. அன்றிலிருந்தே ஜி.பி.ஏ., வகுப்புத் தரவரிசை எல்லாம் கணக்கு. டெக்சாஸில் அந்த வரிசைக்குச் சட்ட மதிப்பு உண்டு: மேல் 10 சதவீதத்துக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி அனுமதி (1997 சட்டம்). யூ.டி. ஆஸ்டின் (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்) மட்டும் 2026 இலையுதிர் சேர்க்கை முதல் மேல் 5 சதவீதம். அனுமதி பல்கலைக்கழகத்துக்குத்தான், கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற துறைக்கு அல்ல. ஃப்ரிஸ்கோவில் மேல் 5 சதவீதத்துக்குள் வருவது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை. சின்ன டிஸ்ட்ரிக்ட்டில் போட்டி குறைவு, ஆனால் கூடுதல் மதிப்புத் தரும் பாடங்களும் குறைவு.

பள்ளி அமைப்பும் வேறுபடும். பிளேனோவில் 9–10 ஒரு கட்டடம், 11–12 சீனியர் ஹை. ஆலனில் ஒரே ஹை ஸ்கூல், 5,000-க்கும் மேற்பட்டோர். ஃப்ரிஸ்கோ வேண்டுமென்றே சின்னதாகப் பிரித்து 12 ஹை ஸ்கூல் நடத்துகிறது. புதிதாக வரும் பிள்ளைக்கு மேடையோ அணியோ கிடைப்பது சின்னப் பள்ளியில் எளிது. பெரிய பள்ளியில் பாடத் தேர்வு அதிகம்.

முக்கியமாகக் கணிதம். எதுவும் சொல்லாமல் சேர்த்தால் ஒன்பதில் அல்ஜிப்ரா 1 போடுவார்கள். அப்புறம் ஜியோமெட்ரி, அல்ஜிப்ரா 2, ப்ரீகால்குலஸ், பள்ளி முடிந்துவிடும். கால்குலஸுக்கு இடமே இல்லை. இங்குள்ள முன்னேறிய பிள்ளைகள் அல்ஜிப்ரா 1-ஐ எட்டிலேயே முடித்திருப்பார்கள். சென்னை எட்டாம் வகுப்பில் அதன் ஒரு பகுதிதான் வரும்; குவாட்ராடிக், ஃபங்ஷன், எக்ஸ்பொனென்ஷியல் மூன்றையும் தனியே படிக்க வேண்டும். படித்துவிட்டு 'கிரெடிட் பை எக்ஸாம்' எழுதலாம். வகுப்பில் படிக்காமல் எழுதினால் தேர்ச்சி 80 சதவீதம். தேர்வு ஆண்டில் சில முறைதான் நடக்கும், பதிவுக் கெடுவும் முன்கூட்டியே முடிந்துவிடும். ஆகவே டிஸ்ட்ரிக்ட் முடிவானதும் முதல் மின்னஞ்சல் இதற்காக கவுன்சிலருக்குப் போகட்டும்.

ஹை ஸ்கூல் பட்டத்துக்கு எண்டார்ஸ்மெண்ட்டோடு (ஒரு துறையில் கூடுதல் பாடங்கள்) 26 கிரெடிட். 'டிஸ்டிங்விஷ்ட்' நிலைக்கு அல்ஜிப்ரா 2 கட்டாயம், மேலே சொன்ன நேரடி அனுமதிக்கு அந்த நிலை வேண்டும். வேற்றுமொழி 2 கிரெடிட். தமிழையே தேர்வு எழுதிப் பெற முடியுமா என்று டிஸ்ட்ரிக்ட்டிடம் கேளுங்கள். நடைமுறை ஒவ்வொன்றிலும் வேறு. முடிந்தால் அட்டவணையில் இரண்டு இடம் காலியாகும், அதில் ஜியோமெட்ரியையும் அல்ஜிப்ரா 2-வையும் ஒரே ஆண்டில் வைக்கலாம்.

#10 | நெல்லிக்கனி

சின்னவருக்கு: செப்டம்பர் 1 அன்று 5 வயது நிறைந்திருக்கணும். 20-ம் தேதி பிறந்தநாள்னா இந்த வருஷம் கே.ஜி. கிடையாது, எந்த டிஸ்ட்ரிக்ட்டிலும். ஆனா 4 வயசுக்கான ப்ரீ-கே பாருங்க. ஆங்கிலம் பேசவோ புரிஞ்சுக்கவோ முடியாத பிள்ளைன்னா வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச முழுநாள் ப்ரீ-கேக்குத் தகுதி உண்டு. சேர்க்கும்போது 'வீட்டு மொழி' படிவம் தருவாங்க. தமிழ்தான் பேசறோம்னா தமிழ்னே எழுதுங்க. மொழித் தேர்வு வைப்பாங்க, அதை வச்சுத்தான் தகுதி முடிவாகும். மகளுக்கும் அதே படிவம் வரும். தேர்வு நடந்துட்டா பதிலை மாத்த முடியாது, முதல்லயே யோசிச்சு நிரப்புங்க.

தடுப்பூசிதான் இந்தியாவிலிருந்து வர்றவங்களுக்கு ஆகஸ்ட்ல தலைவலி. எம்.எம்.ஆர். 2 டோஸ் வேணும், முதல் டோஸ் முதல் பிறந்தநாள் அன்னைக்கோ அதுக்கப்புறமோ போட்டிருக்கணும். நம்ம ஊர்ல 9 மாசத்துல போட்ட டோஸை இங்கே எண்ண மாட்டாங்க. சின்னம்மை 2 டோஸ், ஹெபடைட்டிஸ் ஏ 2 டோஸ், ஹெபடைட்டிஸ் பி 3. அரசு அட்டவணைப்படி மட்டும் போட்டிருந்தா முதல் ரெண்டும் இருக்காது. மகளுக்கு டிடாப் (டெட்டனஸ், டிப்தீரியா, கக்குவான்), மெனிஞ்சோகாக்கல் (எம்.சி.வி. 4) கூடுதலா கேப்பாங்க. ஒவ்வொரு ஊசியிலயும் குறைஞ்சது ஒரு டோஸ் போட்டு, அடுத்ததுக்கு இன்னும் நாள் வரலைன்னா தற்காலிகமா சேத்துப்பாங்க. ஒரு டோஸ்கூட இல்லாத ஊசி இருந்தா பள்ளிக்குள்ள விடமாட்டாங்க. சென்னையிலயே டாக்டர்கிட்ட சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ முதல் டோஸ் போட்டு, தேதி, கையெழுத்து, முத்திரையோட ஆங்கிலத்துல அட்டை வாங்கிடுங்க.

மத்தபடி: பாஸ்போர்ட் அல்லது பிறப்புச் சான்றிதழ், கடைசி ரெண்டு வருஷ மதிப்பெண் பட்டியல், உங்க பேர்ல வாடகை ஒப்பந்தம் அல்லது மின்சார பில். சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாட்டி மாநிலமே ஒரு எண் போட்டுக்கும். விசா நிலையைக் காரணம் காட்டி எந்தப் பொதுப் பள்ளியும் பிள்ளையை மறுக்க முடியாது. 1982 பிளைலர் தீர்ப்பு, அதுவும் டெக்சாஸ் டைலர் டிஸ்ட்ரிக்ட்டை எதிர்த்த வழக்குலதான் வந்தது.

#11 | வரவுசெலவு

புங்கமரம், கடைசியா என் யோசனை. மகளுக்கு நாலு வருஷம்தான் இருக்கு, தம்பிக்குப் பதிமூணு. ரெண்டு பேரோட தேவையும் ஒண்ணு இல்ல. மகளுக்காக முதல் வருஷம் பிளேனோ, ஆலன், ஃப்ரிஸ்கோ எதுலயாவது வாடகைக்கு இருங்க. வாடகை வீட்டுக்கும் அந்த டிஸ்ட்ரிக்ட்ல முழு உரிமை உண்டு. அந்த ஒரு வருஷத்துல, நீங்க யோசிக்கிற டிஸ்ட்ரிக்ட்களோட போர்டுக் கூட்டம், பாண்டு வாக்கெடுப்பு முடிவு, எல்லை மாற்றம் எல்லாம் பாருங்க. விசாவுல இருந்தா ஓட்டுப் போட முடியாது, ஆனா எல்லை மாற்றக் கூட்டத்துல கையெழுத்துப் போட்டு மூணு நிமிஷம் பேசலாம். பெரும்பாலான கூட்டங்கள்ல பேச ஆளே இருக்காது.

வாடகைக்கு எடுக்கும்போதும் நிலஅளவை சொன்ன மாதிரி முகவரியை அப்ரைசல் தளத்துல போட்டுப் பாத்துட்டுத்தான் முன்பணம் கொடுக்கணும்.

#12 | புங்கமரம்

அப்படியே செய்கிறேன். மகளின் அல்ஜிப்ரா 1 பாடத்திட்டத்தை இன்றே இறக்குகிறேன். தடுப்பூசி அட்டையில் எம்.எம்.ஆர். முதல் டோஸ் 9 மாதத்தில்தான் இருக்கிறது, நெல்லிக்கனி. இரண்டாவது 15-வது மாதம்.

#13 | நெல்லிக்கனி

அப்போ 15-வது மாசத்து டோஸ்தான் இங்கே முதல் டோஸ். இன்னும் ஒண்ணு போடணும், இப்பவே போட்டுடலாம். அதே நாள்ல சின்னம்மை ஊசியும் போட்டுக்கலாம். ஆனா ரெண்டும் உயிருள்ள ஊசி, ஒரே நாள்ல போடலைன்னா நடுவுல 28 நாள் இடைவெளி வேணும். அந்த இடைவெளி குறைஞ்சா பின்னாடி போட்டதைச் செல்லாதுன்னு பள்ளி நர்ஸ் திருப்பி அனுப்பிடுவாங்க.